தொட்டிக்கு ஒரு நம்பர்

கழுத்தைத் திருப்பாதீங்க அண்ணாச்சி. திருப்பினால் அதில் போட்டிருக்கிற குழாய் மடங்கி மிஷின் கத்தும். மிஷின் கத்தினால் சிஸ்டர் ஓடிவருவாங்க. வந்து உங்களைத் திட்ட மாட்டாங்க, என்னைத்தான் திட்டுவாங்க. "கஸ்பார் அண்ணே, புது ஆள்ட்ட என்ன கதையச் சொல்லி பயங்காட்டுதிய?" என்று. மூன்று வருஷமாக இந்தக் கட்டில்தான் எனக்கு. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். பக்கத்துக் கட்டிலுக்கு யார் வந்தாலும் முதல் நாள் மேலே பார்த்துக்கொண்டுதான் கிடப்பார்கள். மேலே ஒன்றும் இல்லை. ஒரு ஃபேன். அதுவும் சுற்றாது.

பலசரக்குக் கடை வைத்திருக்கிறீங்களாமே, சிஸ்டர் சொன்னாங்க. உங்களுக்கு இன்றைக்கு ரெண்டு மணி நேரம்தான். அதுக்குள்ளே நான் சொல்லி முடித்துவிடுவேன்.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பாருங்க. மிஷின் பக்கத்தில் நட்டமாக ஒரு குழாய் மாட்டியிருக்கிறதா? உங்க ரத்தம் ஒரு பக்கம் உள்ளே போகிறது, அழுக்கை அங்கே விட்டுவிடுகிறது, மறுபக்கம் வெளியே வருகிறது. டயாலிசிஸ் என்றால் இவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை. என் வீட்டில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. எனக்கு இல்லை. மீனுக்கு.

சிரிக்கிறீங்களே. சிரிங்க, சிரிங்க. கழுத்தை மட்டும் ஆட்டாதீங்க.

கடல் தொட்டி அண்ணாச்சி. நாலடி நீளம், இருநூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீர், அதுக்குள்ளே பாறை, பாறை மேலே உயிருள்ள பவளம். நம்ம கடலில் எடுத்தது இல்லை, எடுத்தால் கேஸ். இது பண்ணையில் வளர்த்துத் துண்டு போட்டு விற்பது, ரசீது பைலில் இருக்கிறது, எவன் வந்து கேட்டாலும் காட்டுவேன். ஒன்று காளான் மாதிரி விரியும். ஒன்று பச்சைப் புல்தரை மாதிரி, தண்ணீர் ஓடுகிற பக்கமெல்லாம் சாய்ந்து ஆடும். நடுவில் ரெண்டு கோமாளி மீன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. என் தெருக்காரர் ஒருத்தர் கேட்டார், "ஏம்வே கஸ்பார், ரெண்டு தெரு நடந்தா கடலு. அதுக்கு எதுக்குவே கண்ணாடி போட்டு வீட்டுக்குள்ள வச்சிருக்கீரு?" என்று. "ரெண்டு தெரு நடந்தா கோயிலு. அப்புறம் எதுக்குவே உம்ம வீட்டுல மாதா படம்?" என்றேன். போனவர்தான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினவன் நான். கிட்னி போனதும் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்த இடது கையைப் பாருங்க, ஊசி குத்துவதற்காக நரம்பை வெட்டி இணைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் செய்வார்கள். இந்தக் கையால் ஒரு குடம் தூக்கக் கூடாதாம். கன்டெய்னர் தூக்கினவன் குடம் தூக்கக் கூடாதாம். குடிக்கவும் கூடாது, நாளைக்கு முக்கால் லிட்டர்தான், அதில் காப்பியும் ரசமும் சேர்த்தி. தொட்டி வாங்கினது அப்போதுதான். ஏன் என்று கேட்காதீங்க. எனக்குத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கும். அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில் தொட்டியில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. கண்ணாடியில், பாறையில், மோட்டாரில், எங்கே பார்த்தாலும் முடி மாதிரிப் பச்சைப் பாசி. காளான் விரியவே இல்லை, கைக்குட்டையைக் கசக்கிப் போட்டது மாதிரிக் கிடந்தது. பாசிக்குத் தீனி தண்ணீரில் சேருகிற பாஸ்பேட். அதைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். அட்டையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். புள்ளி அஞ்சு. இருக்க வேண்டியது புள்ளி பூஜ்யம் அஞ்சு. பத்து மடங்கு அண்ணாச்சி.

தொட்டி வாங்கினது மதுரையில், சிக்கந்தர் பாய் கடையில். அவருக்குப் போன் போட்டேன்.

"மீனுக்கு என்ன போடுறீங்கண்ணே?"

"எறா. பொடிப்பொடியா நறுக்கி."

"எத்தன தடவ?"

"நாலு தடவ."

"ரெண்டு மீனுக்கு நாலு தடவயா? அண்ணே, நீங்க வளக்குறது கோமாளி மீனா, கோயில் யானையா? தின்னது போக மிச்சம் அழுகித்தான பாஸ்பேட்டே வருது. ஒரு தடவயா கொறைங்க, வாரா வாரம் தண்ணிய மாத்துங்க. தன்னால எறங்கிரும்."

என்ன பேச்சு பாருங்க. தண்ணீர் மாற்ற கேன் தூக்க வேண்டும், கை இப்படி. மீனுக்குக் குறைக்கச் சொல்கிறார். அது கண்ணாடிப் பக்கம் வந்து நின்று, நம்ம முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கையில் எறா இருக்கிறது, கொடுக்காதே என்றால்? அளவு, அளவு, அளவு. எனக்கு அளவு போட்டது போதாதா, மீனுக்கும் போட வேண்டுமா? முடியாது என்றேன். வேறு வழி சொல்லும் பாய் என்றேன்.

"அப்ப மீடியா ரியாக்டர்தாண்ணே" என்றார்.

அதுதான் நான் சொன்ன குழாய். ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அதுக்குள்ளே இரும்புத் துகள் போட வேண்டும், நம்ம கேழ்வரகு அளவில் செம்பழுப்பாக இருக்கும். சின்ன மோட்டார் ஒன்று தொட்டித் தண்ணீரைக் கீழிருந்து உள்ளே தள்ளும். துகள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலே வழிந்து தொட்டிக்குத் திரும்பும். ரொம்ப யோக்கியமான சாமான்.

பதினைந்து நாள் உட்கார்ந்து பார்த்தேன் அண்ணாச்சி. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வலது கையில் போனைப் பிடித்து அது ஒன்றுதான் வேலை. தொட்டிக்குள்ளேயே முக்குகிற ரியாக்டர் இருக்கிறது, அது இடத்தை அடைக்கும், பவளத்துக்கு நிழல் விழும். தொட்டி விளிம்பில் தொங்கவிடுகிறது இருக்கிறது, அது கசிந்தால் வீட்டுத் தரையில்தான் கடல். கீழே அலமாரியில் நிற்க வைக்கிறது இருக்கிறது, அதுதான் சரி. மூடி எப்படி என்று பார்க்க வேண்டும். நாலு திருகாணி போட்ட மூடி என்றால் ஒவ்வொரு தடவையும் ஸ்பானரைத் தேட வேண்டும். ஊறுகாய் ஜாடி மாதிரி முழு மூடியும் திருகித் திறக்கிறதுதான் நல்லது. தண்ணீர் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு கட்டாயம் வேண்டும். எல்லாம் பார்த்தேன். டாக்டர் கோமதி ரவுண்ட்ஸ் வந்து என் சீட்டைப் புரட்டிக்கொண்டே, "கஸ்பார், உங்க பாஸ்பரஸ் எட்டு புள்ளி நாலு. அஞ்சரைக்குள்ள இருக்கணும். மாத்திரை போடுறீங்களா இல்லையா? கருவாடு விட்டாச்சா? இந்த அரிப்பெல்லாம் அதனாலதான்" என்று என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாங்க. நான் அப்போது வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆச்சு டாக்டர், ஆச்சு டாக்டர்" என்றேன்.

அரிப்பு வேறு விஷயம் அண்ணாச்சி. இந்த ஆஸ்பத்திரிப் போர்வை. உங்களுக்கும் பாருங்க, ரெண்டு நாளில் அரிக்கும்.

சிக்கந்தர் பாய் சின்னது ஒன்று காட்டினார். ஒரு சாண் உயரம். "ஒங்க தொட்டிக்கு இது போதும். இதுலயும் பாதிதான் துகள் போடணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். துறைமுகத்தில் பத்து டன் சரக்கு என்றால் இருபது டன் கிரேனைத்தான் கொண்டுவந்து நிறுத்துவோம். ரெட்டிப்பு. அது என் சட்டமில்லை, ஆள் சாகாமல் இருக்க வேண்டும் என்றால் அதுதான் சட்டம். இருபத்தாறு வருஷம் என் கொக்கியிலிருந்து ஒரு பெட்டி விழுந்தது கிடையாது.

"எது பெருசோ அதக் குடும்" என்றேன்.

"அண்ணே, அது ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு."

"பாய், நீரு கடைக்காரரு. நான் பாரம் தூக்குனவன்."

பெரிசையே அனுப்பிவிட்டார். பார்சலைப் பிரித்ததும் மெட்டில்டா, என் வீட்டுக்காரி, "இது என்னது, வெடிகுண்டா?" என்றாள். முழங்கால் உயரம் இருந்தது.

மாட்டினது அவள்தான். நான் நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னேன், அவள் செய்தாள். துகளை வாளியில் போட்டுக் கழுவினாள், கழுவக் கழுவச் செம்மண் மாதிரி ஓடியது. குழாய் நிறையக் கொட்டினாள். வால்வைத் திறந்தால் துகள் மேல்பக்கம் மட்டும் லேசாக அசைய வேண்டும். அசையாவிட்டால் இறுகிக் கல்லாகிவிடும், ரொம்ப ஆடினால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகிவிடும். இதை நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவள், "உலையில அரிசி கொதிக்க ஆரம்பிக்கும்போது அசையுமே, அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஒரே திருகலில் வைத்துவிட்டாள். அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் சோதித்தேன். நீலமே இல்லை. குப்பியில் வெறும் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கிறது. பூஜ்யம்! பாய்க்குப் போன் போட்டு, "ஓய், பூஜ்யம்வே!" என்று கத்தினேன். அவர் சந்தோஷப்படவில்லை. "ரியாக்டர உடனே நிறுத்துங்கண்ணே" என்றார். பொறாமை என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

அஞ்சாம் நாள் காளான் வெளுத்தது. ஆறாம் நாள் புல்தரை உள்ளே இழுத்துக்கொண்டது, ஒரு இதழ்கூட வெளியே இல்லை. ஓரத்தில் ஒரு கையகலத்துக்குக் கரைந்து, வெள்ளை வெள்ளையாகப் பிய்ந்து தண்ணீரில் மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன் அண்ணாச்சி. அன்றைக்கு மீனுக்கு எறா போடக்கூட எழுந்திருக்கவில்லை.

பாய் சொன்னார், "அதுக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேணும்ணே, அதுவும் உயிருதான. ரொம்ப நாளா அழுக்குல இருந்தத ஒரே அடியா சுத்தம் பண்ணா தாங்காது. பாதித் துகளுக்கு மேல எடுத்துருங்க. மாசக்கணக்குல மெதுவா எறக்கணும்." துகள் கம்பெனிக் கோளாறு என்று நான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். பெரிய கிரேன் வாங்கினது தப்பே இல்லை. பாதி லோடு ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெட்டில்டா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மொத நாளு ஏன் ரெண்டு மணி நேரம் மட்டும் மிஷின்ல போட்டாவ? நியாபகம் இருக்கா?" என்றாள். "ஒரே அடியா அழுக்க எடுத்தா தல சுத்தி வலிப்பு வந்துரும்னு சிஸ்டர் சொன்னாவல்லா? எனக்கே தெரியுது, மூணு வருஷமா படுத்துக் கெடக்க உங்களுக்குத் தெரியல."

மனுஷன் வேறு, பவளம் வேறு என்றேன்.

அவள் துகளை எடுக்கக் கீழே அலமாரியைத் திறந்தாள். அங்கேதான் வினை. ரியாக்டருக்குப் பின்னால் ஒரு டப்பா வைத்திருந்தேன். நெத்திலிக் கருவாடு. தொட்டி இருக்கிற இடத்தில் கடல் வாசம் அடிக்கத்தானே செய்யும், யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல இடம் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. டப்பாவுக்கு அடியில் மாத்திரை அட்டை. இங்கே கொடுக்கிறார்களே, பாஸ்பரஸுக்கு, யானை முட்டை மாதிரி. மூன்று மாசத்து அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல். அதை விழுங்கினால் வயிறு மந்தமாக இருக்கிறது, என்ன செய்ய?

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம். அவள் தரையில் உட்கார்ந்து அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இரும்புத் துகள் வந்த பாக்கெட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது தொட்டியில இருக்க பாஸ்பேட்ட பிடிக்கிறதுக்கு. இந்த மாத்திர உங்க வயித்துல இருக்கத பிடிக்கிறதுக்கு. அப்படித்தான?"

"அது பாஸ்பேட், இது பாஸ்பரஸ். ரெண்டும் வேற."

"பாதிப் பேரு ஒண்ணாத்தான இருக்கு. தொட்டிக்கு தெனமும் குப்பி வச்சுப் பாக்குதிய. உங்க நம்பரு என்ன?"

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"எட்டு புள்ளி நாலு. டாக்டரம்மா என்ட்ட சொல்லியாச்சு. இப்படியே போனா ரத்தக் குழா எல்லாம் சுண்ணாம்பு புடிச்சிருமாம், நெஞ்சு நின்னுருமாம். என்ட்ட சொல்லுதாவ. உங்ககிட்ட சொன்னா நீங்க போன்ல மோட்டாரு பாக்குதியளாம்." எழுந்து நின்றாள். "அடுத்த மாசம் ரத்தம் எடுப்பாவல்லா, அதுல அஞ்சரைக்குள்ள வரணும். வரலன்னா தொட்டி இந்த வீட்டுல இருக்காது. பாய் திருப்பி எடுத்துக்கிடுவாரு, பேசியாச்சு."

பாருங்க அண்ணாச்சி, என் வீட்டில், என் தொட்டியை! "உன்னால ஆனதப் பாரு" என்றேன். நான் யாருக்கும் பயந்து எதுவும் செய்கிறவன் இல்லை. துறைமுகத்தில் பெரிய அதிகாரி கீழே நின்று கத்தினாலும், காற்று அடிக்கும்போது கொக்கியை இறக்க மாட்டேன் என்று மேலேயே உட்கார்ந்திருந்தவன்.

மாத்திரை போட்டேன், உண்மைதான். அது அவளுக்காக இல்லை. அவள் வாயை மூடுவதற்கு. தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து, நான் விழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? கருவாட்டுக் குழம்பு பக்கத்து வீட்டில் கொதிக்கும்போது ஜன்னலை நானே எழுந்து சாத்தினேன், அது கொசுவுக்காக. மீனுக்கு எறா ரெண்டு வேளையாக்கினேன், அதுவும் என்னவென்றால் எறா நறுக்குகிற நேரத்தில் எனக்கு வாய் ஊறுகிறது, அதைக் குறைக்கத்தான். பாயும் அவளும் சொன்னதுக்காக இல்லை. ரியாக்டரில் கால் பங்கு துகள்தான் இப்போது. முழங்கால் உயரக் குழாயில் அடியில் நாலு விரல் துகள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். துகளை எடுத்ததும் திரும்ப ஏறின தொட்டி, இப்போது மெதுவாக இறங்கிப் புள்ளி மூன்றுக்கு வந்திருக்கிறது, காளான் ஓரம் கொஞ்சம் விரிகிறது. வீட்டில் சோப்பை மாற்றினாள், அதிலிருந்து ராத்திரி அரிப்பும் அவ்வளவாக இல்லை. நல்ல சோப்பு.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். இன்றைக்கு ரிசல்ட். அவள் கீழே லேபில் நிற்கிறாள். எனக்கு ஒன்றும் பதற்றம் கிடையாது. மிஷின் காட்டுகிறதா, பிரஷர் ஏறியிருக்கிறதா? அது எப்போதும் இந்த நேரத்துக்கு ஏறும்.

அந்தா வாரா. கையில் சீட்டு இருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவள் முகம் அப்படி.

எவ்வளவு மெட்டில்டா? ... எவ்வளவு? கொடு இங்க. எழுத்த எதுக்கு எறும்பு மாதிரி அடிக்கானுவ... ஆறு புள்ளி மூணு.

சரி. அஞ்சரைக்குள்ள வரல. போனப் போடு பாய்க்கு. வண்டி கொண்டுவந்து தூக்கிட்டுப் போகட்டும். நான் கெஞ்சுவேன்னு மட்டும் நெனைக்காத. பாறைய ஈரத்துணி சுத்தித்தான் எடுக்கணும்னு சொல்லு. காளான தனி வாளியில வைக்கச் சொல்லு. அந்த ரெண்டு மீனையும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லு. வேற எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

என்ன?

யாரு சொன்னா? பாயா? நீ எப்ப மறுபடி பாய்ட்ட பேசுன?

கேட்டீங்களா அண்ணாச்சி? எட்டு நாலிலிருந்து ஒரே மாசத்தில் ஆறு மூணு என்றால் நல்ல இறக்கமாம். பவளம் மாதிரித்தானாம், இதுக்கு மேலே அவசரப்படுத்த வேண்டாமாம். அடுத்த மாசமும் பார்க்கலாமாம், அதுக்கடுத்த மாசமும் பார்க்கலாமாம். அது வரைக்கும் தொட்டி இருக்கட்டுமாம். பார்த்தீங்களா? பயந்துவிட்டாள். என்னிடம் நடக்குமா? நீங்கதான் சாட்சி.

கண்ணத் தொடச்சுக்கோ மெட்டில்டா. அண்ணாச்சி இன்னைக்குத்தான் மொத நாளு வந்திருக்காரு, பயந்துருவாரு.

இது என்ன, மாத்திரையா? இட்லி எங்க? வெறும் வயித்துல இதப் போட்டா என்ன பிரயோசனம்? மொத வாய்ச் சாப்பாட்டோட உள்ள போகணும், அப்பத்தான் அது பிடிக்க வேண்டியதப் பிடிக்கும். மூணு வருஷமா கூட வார, இதுகூடத் தெரியாதா உனக்கு? எல்லாம் நான்தான் சொல்லித் தரணும்.